பொடியை நிறுத்தினால் வலி இரட்டிப்பாகிறது, என்ன செய்வது?

கேள்வி: என் அம்மாவுக்கு 51 வயது. காசிமேட்டில் மீன் எடுத்துத் தண்டையார்பேட்டையில் விற்கிறார். எட்டு மாதமாக இரண்டு கை விரல்களும் மணிக்கட்டும் வீங்கி வலிக்கின்றன. விடியற்காலையில் எழுந்தால் விரலை மடக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. லேபில் ஆர்.ஏ. நெகட்டிவ், யூரிக் ஆசிட் 6.1. வாதம் இல்லை, வயசுதான் என்கிறார்கள். தெரிந்தவர் மூலம் ஒரு பொடி வாங்கி நான்கு மாதமாகச் சாப்பிடுகிறார். மூன்றே நாளில் வலி நின்றது. இப்போது முகம் உப்பியிருக்கிறது, பொடி தீர்ந்தால் வலி இரட்டிப்பாக வருகிறது. நிறுத்திவிடலாமா? மீனையும் விடச் சொல்கிறார்கள்.

பதில்: பொடியை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்கே, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மிச்சத்தைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

மூன்றே நாளில் வலி நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. மூலிகைக்கு அவ்வளவு அவசரம் கிடையாது. பேர் ஒட்டாத பொட்டலம், மூன்று நாளில் சுகம், நான்கு மாதத்தில் உப்பிய முகம். இப்படி வந்தால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நான் வைத்தியத்தை ஆரம்பிப்பேன். கூடவே வலி மாத்திரையையும் இடித்துப் போட்டிருக்கலாம். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். விற்கிறவரைக் கேட்டால் ‘சுத்த சித்த மருந்து’ என்பார். சித்த மருத்துவம் படித்தவர் சீட்டு எழுதுவார், மருந்தின் பெயர் சொல்வார். பெயர் சொல்லாதவர் எந்த வைத்தியமும் படித்தவர் இல்லை. வாங்கிக் கொடுத்த அந்தத் ‘தெரிந்தவ’ருக்கு ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று ஒருநாள் விசாரித்துப் பாருங்கள்.

சட்டென்று ஏன் நிறுத்தக் கூடாது? சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தினமும் அதுவே சுரக்கும். வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்து கொட்டினால் அது தூங்கிவிடும். திடீரென்று பொட்டலம் நின்றால் உடனே எழுந்து வேலை பார்க்க அதற்குத் தெம்பு இருக்காது. வாந்தி, தலைசுற்றல், பிரஷர் இறங்கி மயக்கம் எல்லாம் வரும். அப்படி வந்தால் ஓ.பி. சீட்டுக்கு நிற்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், கையில் அந்தப் பொட்டலத்தோடு. மற்றபடி டாக்டர் அளவு தெரிந்த மாத்திரைக்கு மாற்றி, வாரக்கணக்கில் படிப்படியாக இறக்குவார். சுகர், பிரஷர் பார்ப்பார். பொடி சாப்பிட்டதை மட்டும் மறைக்காதீர்கள். திட்டுவேன் என்று பயந்து என்னிடம் மறைத்தவர்கள் உண்டு. திட்டுவேன்தான், அதற்காக?

இனி அந்த ‘நெகட்டிவ்’. சரவாங்கி என்கிற முடக்குவாதம் உள்ளவர்களிலேயே நான்கைந்து பேரில் ஒருவருக்கு ஆர்.ஏ. பரிசோதனை நெகட்டிவாகத்தான் வரும். நோயே இல்லாத சில பெரியவர்களுக்குப் பாசிட்டிவ் வரும். அந்த ஒரு தாளை வைத்து ‘வாதம் இல்லை’ என்று சொல்ல முடியாது. யூரிக் ஆசிட் 6.1-ஐயும் ஓரமாக வையுங்கள். யூரிக் ஆசிட் ஏறி வருகிற ‘கவுட்’ என்ற மூட்டு நோய் பெரும்பாலும் கால் கட்டைவிரலில் ஒரே ராத்திரியில் சிவந்து வீங்கும். மூட்டுவலி என்றதும் எல்லாருக்கும் யூரிக் ஆசிட் எழுதி ‘பேக்கேஜ்’ போடுவது லேபுக்கு நல்ல வியாபாரம். மீனை விட வேண்டாம், தாராளமாகச் சாப்பிடட்டும்.

தேய்மானம் என்றால் காலை இறுக்கம் அரை மணிக்குள் விட்டுவிடும், வேலை செய்யச் செய்ய வலி ஏறும். முழங்காலிலும் விரல் நுனிக் கணுவிலும்தான் அதிகம் வரும். உங்கள் அம்மாவுக்கு இரண்டு கையிலும், மணிக்கட்டோடு, ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கம். இது வேறு, சரவாங்கி மாதிரி இருக்கிறது. பெண்களுக்குச் சரவாங்கி ஆண்களைப் போல இரண்டு மூன்று மடங்கு அதிகம். கொடுமை என்னவென்றால், காசிமேட்டு ஏலம் நடக்கிற விடியற்காலையில்தான் இந்த நோய் ஆளைப் பிடித்து முறுக்கும். என்னிடம் வந்த ஒரு மீன்காரம்மா அடிபம்பை முழங்கையால் அழுத்தித் தண்ணீர் பிடித்தார். நோட்டை எண்ண விரல் வராததால், பணப்பெட்டியைத் தள்ளி ‘நீயே சில்லறை எடுத்துக்கோ கண்ணு’ என்று வாங்குகிறவர்களிடமே சொல்லிவிடுவார். ஒன்றிரண்டு பேர் கூடுதலாக எடுத்ததும் அவருக்குத் தெரியும்.

இங்கே ஒரு விதிவிலக்கு. அம்மாவுக்கு எட்டு மாதத்துக்கு முன் கடும் காய்ச்சல் வந்ததா என்று கேளுங்கள். சிக்குன்குனியாவும் அச்சு அசலாக இப்படியே விரல், மணிக்கட்டு, கணுக்காலைப் பிடிக்கும். 2006-ல் நம் பக்கம் அது அடித்த அடியை நடுத்தர வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெயரில் ‘குனி’ இருப்பதால் தமிழோ என்று தோன்றும். தான்சானியாப் பக்கத்து மகோண்டே மொழிச் சொல் அது, அர்த்தமும் வளைந்துபோவதுதான். பலருக்குச் சில வாரத்தில் தணியும், சிலருக்கு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட இழுக்கும். காய்ச்சல், உடம்பில் தடிப்பு, அடுத்த நாளே எல்லா மூட்டும் என்று ஆரம்பித்திருந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். காய்ச்சலே இல்லாமல் மெதுவாக ஆரம்பித்திருந்தால் சிக்குன்குனியா மீது பழி போட வேண்டாம். ஆனால் ‘எப்போதோ வந்த சிக்குன்குனியா, தானாகப் போகும்’ என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டு இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்து, கோணிய விரலோடு வருகிறார்கள். எட்டு மாதமாக வீக்கம் நிற்கிறது என்றால், எதனால் ஆரம்பித்திருந்தாலும், மூட்டு நோய் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த டாக்டருக்குப் பெயர் ருமட்டாலஜிஸ்ட். உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி. சென்ட்ரல் ஜி.எச்.சில் இதற்கென்றே தனி நிலையம் இருக்கிறது. சீட்டு வாங்கும்போது ‘ருமட்டாலஜி’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘மூட்டுவலி’ என்று மட்டும் சொன்னால் எந்த ஆஸ்பத்திரியிலும் எலும்பு டாக்டர் வரிசையில் நிறுத்திவிடுவார்கள். எக்ஸ்ரே எடுப்பார்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகத்தான் இருக்கும். ஒரு வலி மாத்திரையோடு வீட்டுக்கு. ஒரு நாள் வியாபாரம் போச்சு, திரும்பி வர மனசு வராது, பொடிக்காரர் வாசலிலேயே இருக்கிறார். பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீடு தேடி வருகிற இந்த ஊரில் விரல் மடங்காதவர் மட்டும் ஏன் இத்தனை வரிசையில் நிற்க வேண்டும், எனக்குப் புரியவில்லை.

சரவாங்கிதான் என்று உறுதியானால் பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் எழுதுவார்கள். அது வாரத்துக்கு ஒரே நாள். தினமும் போட்டு உயிரை விட்டவர்கள் உண்டு, அதனால் மாத்திரை அட்டையிலேயே கிழமையை எழுதி ஒட்டுங்கள். மறுநாள் கொஞ்சம் அசதி, குமட்டல் இருக்கலாம். ஞாயிறு வியாபாரம் கெடாமலிருக்க திங்கள் ராத்திரி நல்லது. கூடவே எழுதுகிற ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை வேறு நாளில். டாக்டர் சொல்கிற தேதியில் ரத்தப் பரிசோதனை. பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், மூன்று நாளில் தெரியாது. இடையில் கொஞ்ச காலத்துக்கு நாங்களும் ஸ்டீராய்டு கொடுப்போம். அளவும் நிறுத்தும் தேதியும் சீட்டில் இருக்கும்.

போகும்போது பொட்டலம், லேப் தாள் இரண்டோடு ஒரு போட்டோவும் வேண்டும். ஓ.பி.யில் உங்கள் முறை வர பதினோரு மணி ஆகும். அதற்குள் வீக்கம் இறங்கி, கை பார்க்க நல்லாயிருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு, அம்மா ஏலத்துக்குக் கிளம்பும் முன், கடிகாரம் தெரிகிற மாதிரி அந்தக் கைகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.