காய்ச்சலில் எழுதிய ராஜினாமா

கேள்வி: ஃப்ளூ காய்ச்சலில் ஒரு வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தேன். மனைவி கஞ்சி வைத்துக் கொடுத்ததோடு சரி, வேறு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இத்தனை வருட வேலை, நட்பு, சொந்தம் எல்லாமே பொய் என்று அப்போதுதான் புரிந்தது. ராஜினாமா கடிதமும் எழுதி வைத்துவிட்டேன். நோய்தான் மனிதனுக்கு உண்மையான ஞானத்தைத் தருகிறது என்கிறேன். சரிதானே?
– வாசகர், விழுப்புரம்

பதில்: சரியில்லை. அந்தக் கடிதத்தை இப்போது கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு வந்தது ஞானமல்ல. இருமல், உடம்புவலி மாதிரி அதுவும் காய்ச்சலின் ஓர் அறிகுறி. வைரஸ் உள்ளே புகுந்ததும் நம் எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் என்னும் புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றின் செய்தி மூளைக்குப் போகிறது. உடம்புச் சூட்டை ஏற்றுவதோடு அது நிற்பதில்லை. பசியை அடக்குகிறது, எதிலும் நாட்டமில்லாமல் செய்கிறது, மனித முகத்தையே பார்க்கப் பிடிக்காமல் ஆக்குகிறது. காய்ச்சல் கண்ட மாடு தீனி எடுக்காமல், மந்தையை விட்டு ஒதுங்கித் தலையைத் தொங்கப்போட்டு நிற்குமே, அதுதான் இது. கலிஃபோர்னியாவின் கால்நடை மருத்துவ ஆய்வாளர் பெஞ்சமின் ஹார்ட் 1988-ல் இதை விளக்கி எழுதினார்: இந்தச் சோர்வு உடம்பின் தோல்வியல்ல, சக்தி முழுவதையும் கிருமியோடு போராட ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு.

நம்பக் கடினமாக இருந்தால் இன்னொன்று சொல்கிறேன். ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் நோய்க்கு இப்போதைய மாத்திரைகள் வருவதற்கு முன், இன்டர்ஃபெரான் ஊசிதான் போட்டார்கள். அதுவும் ஒரு சைட்டோகைன்தான். ஊசி போட ஆரம்பித்த சில வாரங்களில் கணிசமான பேருக்கு மனச்சோர்வு வந்தது. அழுதார்கள், வாழ்வதில் அர்த்தமில்லை என்றார்கள், சிலருக்குத் தற்கொலை எண்ணம்கூட வந்தது. அவர்கள் குடும்பமோ வேலையோ அந்தச் சில வாரங்களில் கெட்டுப்போய்விடவில்லை. ஊசி ஏறியது, அவ்வளவுதான். ஊசியை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினார்கள்.

இப்போது உங்கள் கேள்வியை நீங்களே ஒருமுறை படியுங்கள். "கஞ்சி வைத்துக் கொடுத்ததோடு சரி" என்று அந்த அம்மாளை ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்கள். ஒட்டக்கூடிய காய்ச்சல் என்று தெரிந்தும் வேளாவேளைக்கு அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடந்து, வாந்தி எடுத்தால் துடைத்து, ராத்திரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும். எல்லாச் சொந்தமும் பொய் என்று நீங்கள் தீர்ப்பு எழுதியபோது அவர் அந்த வீட்டில்தானே இருந்தார்? எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். நம் வீடுகளில் அவருக்கு இதே காய்ச்சல் வந்தால், மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவரேதான் ரசமும் வைப்பார். வாழ்க்கையின் அர்த்தத்தைப் பற்றி யோசிக்க அவரைப் படுக்க விடுவது யார்?

மற்றவர்கள் எட்டிப் பார்க்காதது பற்றி: ஃப்ளூ அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்து, அதன்பின் ஐந்தாறு நாளாவது ஒட்டும். வராமல் இருந்ததே நல்லது. ஒரு போன் செய்திருக்கலாம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படுத்திருக்கிறீர்கள் என்று எத்தனை பேருக்குச் சொன்னீர்கள்?

வேலை நிஜமாகவே பிடிக்காமல் இருக்கலாம். அப்படியென்றால் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கும் ஒரு மாதத்துக்குப் பிறகும் பிடிக்காமல்தான் இருக்கும். அப்போது கடிதத்தை எடுங்கள், மனைவியிடம் படித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் கழித்தும் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை காத்திருக்க முடியாதபடி மனம் பாரமாக இருந்தால் டெலி மானஸ் என்னும் மனநல உதவித் தொலைபேசி எண் 14416. இலவசம், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.