தங்கையின் மரணமும் அடையாறு மருத்துவமனையும்

கேள்வி: தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார் என்கிறார்கள். தங்கை இறந்தது 1923-இல். மருத்துவமனை திறக்கப்பட்டது 1954-இல். இது பின்னாளில் கட்டிய கதையாக இருக்கலாமா?

பதில்: கட்டிய கதையன்று. ஆனால், அந்த முப்பத்தொரு ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிட்டு இதைச் சொல்பவர்கள் அவருடைய உழைப்பில் பாதியை மறைத்துவிடுகிறார்கள்.

மலக்குடல் புற்றுநோயால் தங்கை இறந்தபோது முத்துலட்சுமி, 1912-லேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுத் தொழில் நடத்திவந்த மருத்துவர். கற்ற மருத்துவம் கைகொடுக்கவில்லை என்பதை வீட்டுக்குள்ளேயே கண்டவர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மேற்படிப்புக்காக லண்டன் சென்றவர், புற்றுநோய்க்கென்றே பல பத்தாண்டுகளாக அங்கே இயங்கிவந்த மருத்துவமனையைப் பார்த்தார். நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்த வழியுண்டு என்ற தெளிவு அங்கே கிடைத்தது. துயரம் திட்டமாக மாறியது அப்போதுதான் என்பது என் கணிப்பு.

ஊர் திரும்பியதும் சட்டமன்றம் அழைத்துக்கொண்டது. தேவதாசி முறை ஒழிப்புக்கான போராட்டம், ஆதரவற்ற பெண்களுக்கான அவ்வை இல்லம் என்று ஆண்டுகள் ஓடின. (இவற்றில் ஒன்றை மட்டும் செய்திருந்தாலும் அவர் பெயர் நின்றிருக்கும்.) புற்றுநோய் வந்தவர் பிழைப்பதில்லை, அப்படியிருக்கத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் மருத்துவர்களிடமும் ஊறிக்கிடந்த காலம் அது. ஆகவே அரசை நம்பிக் காத்திராமல், இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் ஒரு சிறு குடிலில் மருத்துவமனை தொடங்கியது. சங்கத்தின் பெயர் இன்றும் நிறுவனத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: அங்கே அவரே சிகிச்சை அளித்தாரா?

பதில்: இல்லை. திறப்பின்போது அவருக்கு வயது 67. சிகிச்சைப் பொறுப்பை, வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவருடைய மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி ஏற்றார். 1955-இல், அரசு மருத்துவமனைப் பணி கிடைத்திருந்தும் அதை விட்டுவிட்டு டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். தொடக்கத்தில் அவருக்குச் சம்பளமே கிடையாது. பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே தங்க இடமும் தந்தார்கள். முத்துலட்சுமி 1968-இல் மறைந்தார். சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். தங்கையை இழந்தவர் ஒருவர். அந்த இழப்பில் பங்கில்லாத ஒருவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்திக் காட்டினார். உங்கள் ஐயத்துக்கு ஆண்டுக்கணக்கைவிட இதுவே பொருத்தமான பதில்.