மிஷன் இம்பாசிபிள்: ஐந்து எண்ணிக்கையில் இடறும் இடம்

அன்புள்ள ஐயா,

தொலைக்காட்சித் தொடர்களின் பாட்டில்லாத முகப்பிசையில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? எனக்கு 'மிஷன் இம்பாசிபிள்'. ஆனால் கீபோர்டில் இருக்கும் தாளத்தைப் போட்டு வாசித்தால் இரண்டாவது சுற்றிலேயே இடிக்கிறது. இரண்டும் மூன்றுமாக ஐந்தில் நடக்கும் கண்ட சாபு தாளம் போட்டும் ஒட்டவில்லை. அந்தத் தாளம் மோர்ஸ் குறியீடு என்கிறார்களே, உண்மையா?

கார்த்திகேயன்

அன்புள்ள கார்த்திகேயன்,

எனக்கும் அதுதான். லாலோ ஷிஃப்ரின் 1966-இல் அந்தத் தொடருக்கு அமைத்த இசை.

கீபோர்டில் வரும் தாளங்கள் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை, இது ஐந்து. எண்ணிக்கைக்கு இரண்டாகப் பத்து அட்சரம் (தாளத்தின் சிற்றலகு) வைத்து, 'தகிட தகிட தக தக' என்று சொல்லிப் பாருங்கள். சொற்கட்டின் தலையில் அடி விழும்: 1, 4, 7, 9. கண்ட சாபுவை இரண்டு முறை போட்டால் 'தக தகிட தக தகிட', அதாவது 1, 3, 6, 8. முதல் அடியைத் தவிர ஓரிடமும் சேராது.

கை தவறுவது எப்போதும் இரண்டாவது அடியில்தான். மற்ற மூன்றும் எண்ணிக்கையின் மேலேயே விழ, இது மட்டும் இரண்டாம் எண்ணிக்கையின் பின்பாதியில் விழுகிறது. கொஞ்சம் அசந்தால் கை அதை மூன்றாம் எண்ணிக்கைக்குத் தள்ளிவிடும். இன்னொரு தவறு, கடைசி 'தக தக'வைச் சுருக்கி மொத்தத்தையும் எட்டு அட்சரமாக்குவது. 1996-இல் வந்த திரைப்படத்துக்காக யூ2 என்ற ராக் இசைக்குழுவின் இருவர் இதை நான்கு எண்ணிக்கைக்கு மாற்றினார்கள். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு ஐந்து வராது. ஆடுவதற்கு அது வசதி. ஆனால் நான்கில் முடிந்துவிடும் என்று காது நம்பும்போது இன்னும் ஓர் எண்ணிக்கை பாக்கி இருக்கிறதே, அந்தப் பதற்றம்தான் இந்த இசையின் உயிர். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இடது கைக்கு ஜி-யை ஸட்ஜமாக வையுங்கள். முதல் சுற்று ச, ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம். இரண்டாம் சுற்று ச, ச, கீழே கைசிகி நிஷாதம், காகலி நிஷாதம். கட்டைகளாகச் சொன்னால் ஜி, ஜி, பி ஃபிளாட், சி. பிறகு ஜி, ஜி, எஃப், எஃப் ஷார்ப். ஒவ்வொன்றையும் ஓர் அட்சரம் மட்டும் பிடித்து விரலை எடுத்துவிடுங்கள். இழுத்தால் நடுவிலுள்ள மௌனம் அடைபட்டு, நடையே தெரியாது.

வலது கையில் காந்தாரமும் ஸட்ஜமும் விரைந்து வந்து, கீழே பஞ்சமத்தில் (டி) நீண்டு நிற்கும். அடுத்த முறை அதே இரண்டும் வந்து பிரதி மத்தியமத்தில் (சி ஷார்ப்) நிற்கும், அதற்கடுத்து சுத்த மத்தியமத்தில் (சி). நிற்கும் ஸ்வரம் அரை அரையாக இறங்குவதே அழகு. அங்கே கமகம் கொடுத்து ஸ்வரத்தை அசைத்தால் இறக்கம் கலங்கிவிடும்.

மோர்ஸில் 'எம்' இரண்டு கோடு, 'ஐ' இரண்டு புள்ளி. நீளம் நீளம் குறில் குறில் என்ற வரிசை பொருந்துகிறது. ஆனால் மோர்ஸில் கோடு புள்ளியைப்போல் மூன்று மடங்கு. இங்கே அடிகளின் இடைவெளி மூன்றுக்கு இரண்டு.

பழகும்போது தாளப் பொத்தானை அணைத்துவிட்டு சீராக எண்ணிக்கை தட்டும் மெட்ரோனோமை ஐந்துக்கு மாற்றி, நிமிடத்துக்கு 60-இல் வையுங்கள். முதலில் வாயால் சொல்லிக் கைதட்டுங்கள், பிறகு இடது கை மட்டும். இரண்டாவது அடி நகராமல் நின்ற பிறகு ஐந்து ஐந்தாக வேகத்தை ஏற்றி, 90 வந்ததும் வலது கையைச் சேருங்கள்.