தள்ளியது மென்பொருள், பதில் சொல்ல வேண்டியது நீங்கள்

கேள்வி: 22 பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். கணக்காளர் வேலைக்கு 180 விண்ணப்பங்கள் வந்தன. சந்தா கட்டி வாங்கிய ஏஐ மென்பொருள் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டது. 60க்குக் கீழே வந்தவர்களுக்கு ‘வருந்துகிறோம்’ என்ற மின்னஞ்சல் தானாகவே போய்விட்டது. அப்படித் தள்ளப்பட்ட 51 வயதுக்காரர் ஒருவர், “என் விண்ணப்பத்தை மனிதர் யாராவது படித்தார்களா? வயதுதான் காரணமா?” என்று எழுதிக் கேட்கிறார். மென்பொருள் நிறுவனம் ‘ஒப்பந்தப்படி எங்களுக்குப் பொறுப்பில்லை’ என்கிறது. நான் பதில் போட வேண்டுமா? பழைய பதிவுகளை அழித்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: எதையும் அழிக்காதீர்கள். புகார் கைக்கு வந்த பிறகு அழித்தால், செய்யாத தவறையும் மறைத்ததாகத்தான் பார்ப்பார்கள். அவருடைய விண்ணப்பம், வேலை விளம்பரம், மென்பொருளுக்கு நீங்கள் கொடுத்த தகுதி விவரம், 180 பேரின் மதிப்பெண் பட்டியல், 60 என்ற வரம்பு இருக்கும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் இன்றே தனியாகச் சேமியுங்கள். கோபத்தில் சந்தாவை நிறுத்திவிடாதீர்கள். கணக்கு மூடினால் பதிவுகளும் போய்விடலாம்.

அடுத்து, பொறுப்பு. ஒப்பந்தத்தில் உள்ள அந்த வரி உங்களுக்கும் விற்றவருக்கும் இடையில்தான். விண்ணப்பித்தவர் அதில் கையெழுத்துப் போடவில்லை. அவரை அது கட்டுப்படுத்தாது. ‘மதிப்பெண்தான் மென்பொருள் போட்டது, முடிவு எங்களுடையது’ என்ற வாதமும் எளிதில் நிற்காது. கடன் தகுதி மதிப்பெண் பற்றிய ஒரு வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 டிசம்பரில், முடிவு பெருமளவு மதிப்பெண்ணையே சார்ந்திருந்தால் மதிப்பெண் போடுவதே தானியங்கி முடிவுதான் என்றது. உங்கள் விஷயத்தில் மின்னஞ்சலே தானாகப் போயிருக்கிறது. அமெரிக்காவில், இணையவழியில் பாடம் நடத்தும் ஐடியூட்டர்குரூப் நிறுவனம் ஆள் எடுக்கப் பயன்படுத்திய மென்பொருள் 55 வயதோ அதற்கு மேலோ ஆன பெண்களையும் 60 வயதோ அதற்கு மேலோ ஆன ஆண்களையும் தானாகத் தள்ளியதாக அரசு ஆணையம் வழக்குப் போட்டது. தவறை ஒப்புக்கொள்ளாமலேயே அந்நிறுவனம் 2023இல் 3,65,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. விஷயம் வெளியே வந்த விதத்தைக் கவனியுங்கள்: தள்ளப்பட்ட ஒருவர் பிறந்த தேதியை மட்டும் மாற்றி மறுபடி விண்ணப்பித்தார், நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. உங்களிடமும் யாரும் இதைச் செய்து பார்க்கலாம்.

‘நாங்கள் வயதே கேட்கவில்லையே’ என்பீர்கள். பட்டம் பெற்ற ஆண்டு இருக்கிறதே! 1996 என்று இருந்தால் வயது தெரிந்துவிடும். வேலையில் விழுந்த இடைவெளிக்கு மதிப்பெண் குறைத்தால், பிரசவம், நோய் காரணமாக விலகியிருந்தவர்களும் சேர்ந்தே அடிபடுவார்கள். அவருடைய மதிப்பெண்ணுக்கு மென்பொருள் எழுதிய காரணத்தைத் திறந்து படியுங்கள். கணக்காளர் வேலைக்குச் சம்பந்தமில்லாத காரணம் அங்கே இருந்தால் அதுதான் உங்கள் பலவீனம்.

பிறகு ஒரு கணக்குப் போடுங்கள். ஓர் உதாரணம்: 45க்குக் கீழ் 120 பேரில் 48 பேர் தேறினால் 40 சதவீதம். 45க்கு மேல் 60 பேரில் 9 பேர் தேறினால் 15 சதவீதம். 15ஐ 40ஆல் வகுத்தால் 0.375. அமெரிக்காவில் 1978இல் இனம், பாலினப் பாகுபாட்டுக்காக வகுத்த ‘ஐந்தில் நான்கு பங்கு’ வழிகாட்டுதல்படி 0.8க்குக் கீழ் போனால் விசாரிக்க வேண்டிய வித்தியாசம். வயதுக்கு அது சட்டமல்ல. முதல் சோதனையாகப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் இந்தக் கணக்கை எச்.ஆர். குழுவில் சுற்றுக்கு விடாதீர்கள். உங்கள் வழக்கறிஞர் கேட்டு, அவருக்காகத் தயாரித்ததாக இருக்கட்டும். பல நாடுகளில் அப்போதுதான் அதற்கு ரகசியப் பாதுகாப்பு கிடைக்கும்.

இனி, பதில் கடிதம். கட்டாயம் போடுங்கள். தன் தகவலைக் கேட்கும் உரிமை உள்ள நாடுகளில் அதற்குக் கெடுவும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக ஒரு மாதம். முதலில், அந்த மதிப்பெண்ணைப் பார்க்காத ஒருவர் அவருடைய விண்ணப்பத்தை முழுதாகப் படித்து, விளம்பரத்தில் கேட்ட தகுதிகளோடு ஒப்பிட்டு, தேதி போட்டுக் குறிப்பு எழுதட்டும். பிறகு கடிதத்தில் உண்மையை மட்டும் எழுதுங்கள்: முதல் கட்டத்தில் மென்பொருள் பயன்பட்டது, இன்ன தேதியில் ஒருவர் மறுபடி பரிசீலித்தார், முடிவு இது. படிக்காமலே ‘எங்கள் குழு கவனமாகப் பரிசீலித்தது’ என்று எழுதுவதுதான் பலரும் செய்யும் தவறு. மென்பொருளின் நேரப்பதிவு, விண்ணப்பம் வந்த சில நொடிகளில் மறுப்பு போனதைக் காட்டிக்கொடுக்கும். பொருத்தமானவர் என்று தெரிந்து, இடமும் காலியாக இருந்தால் நேர்காணலுக்குக் கூப்பிடுங்கள். வழக்கைவிடச் செலவு குறைவு.

வயதுப் பாகுபாட்டுச் சட்டம் எத்தனை ஊழியர் இருந்தால் பொருந்தும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதனால் அனுப்பும் முன் வரைவை உள்ளூர் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். தானாகப் போகும் அந்த மறுப்பு மின்னஞ்சலை மட்டும் இப்போதே நிறுத்திவையுங்கள்.