பழைய சிமெண்டை மறுபடி சிமெண்டாக்க முடியுமா? கேள்வி பதில்

இடித்த கட்டிடத்துச் சிமெண்டிலிருந்து புதுச் சிமெண்ட் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நம் கடற்கரை ஊர்களிலிருந்து பலர் கேட்டிருந்தார்கள். சிலவற்றுக்கு இங்கே பதில்.

உச்சிப்புளி ஆசிரியர்: செய்தி உண்மைதானா சார்?

உண்மைதான் சார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரியில் சுடுகிறோம். எரிபொருளின் புகை ஒரு பக்கம் இருக்க, கல்லுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறுகிறது. மொத்தத்தில் பாதிக்கு மேல் இந்தக் கல்லின் கணக்குதான். சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அது குறையாது.

பழைய சிமெண்டில் அந்த வாயுவின் பெரும்பகுதி என்றோ போய்விட்டது. பழைய இரும்பை உருக்கும் மின் உலையில், அழுக்கை இழுக்கச் சுண்ணாம்பு போடுவது வழக்கம். அதற்குப் பதிலாக இவர்கள் பழைய சிமெண்ட் தூளைப் போட்டார்கள். மேலே மிதந்த கசடை எடுத்து வேகமாகக் குளிரவைத்தால் கிளிங்கர், அதாவது சிமெண்டாக அரைக்கும் மூலக் கட்டி. அரைத்தால் சிமெண்ட். இரும்பு உருக்கும் சூட்டிலேயே இதுவும் முடிந்துவிடுகிறது.

தங்கச்சிமடம்: அப்படியென்றால் எங்கள் பழைய தளத்தை உடைத்து, மாவாக அரைத்துப் பூச்சுக்குப் போடலாமா அண்ணே?

பிடிக்காது தம்பி. தண்ணீரோடு சேர்ந்து இறுகி முடிந்த சரக்கு அது. உலைச் சூட்டைப் பார்க்காமல் மறுபடி இறுகாது.

தொண்டி: ஷெட்டில் வைத்த நாலு மூட்டை கட்டி பிடித்துவிட்டது. தூக்கிப்போடவா?

கட்டியை விரலால் நசுக்கிப் பாருங்கள் அக்கா. மாவாக உதிர்ந்தால் சலித்து, வாசல் படிக்கோ துணி துவைக்கிற கல்லடிக்கோ போடுங்கள். கல்லாக நின்றால் பள்ளம் நிரப்பத்தான் ஆகும். தூணுக்கும் தளத்துக்கும் இரண்டுமே வேண்டாம். அடுத்த முறை பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். நம் ஊர்க் காற்றுக்குச் சாக்குப்பை தடுப்பே இல்லை.

கீழக்கரை கட்டிட கான்ட்ராக்டர்: இடித்த கான்கிரீட்டை ஜல்லியாக உடைத்துப் போடலாமா?

ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 383-ன் 2016 பதிப்பு அனுமதிக்கிறது. கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதம், கம்பி போட்டதில் எம் 25 என்ற வலிமைத் தரம் வரைக்கும் 20 சதவீதம், அடித்தளத்துக்குக் கீழே போடும் மெலிந்த கலவையில் முழுதாகவே. பழைய காரை ஒட்டியிருப்பதால் அந்த ஜல்லி தண்ணீரைக் குடிக்கும். முதல்நாளே நனைத்து வையுங்கள்.

ஆனால் தரவிதி அனுமதிக்கிறது என்பதற்காகக் கடலோரத்து இடிசலைக் கம்பிக் கான்கிரீட்டில் போட நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு துண்டை உடைத்து, கம்பி இருந்த தடத்தைப் பாருங்கள். செம்பழுப்புக் கறை தெரிந்தால் உப்பு அதுவரை இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கான்கிரீட்டின் காரம் கம்பிக்கு மெல்லிய காப்புப் படலம் தரும். உப்பிலுள்ள குளோரைடு அதைக் குலைத்துவிடும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால்தான் தளம் வீங்கிப் பெயர்ந்து தலையில் விழுகிறது. அந்த உப்பைப் புதுக் கலவைக்குள் நாமே கொண்டுபோய்ச் சேர்ப்பானேன்? கம்பியில்லாத (பிசிசி) தரைக்கும் நடைபாதைக்கும் தாராளமாகப் போடுங்கள்.

மண்டபம்: உலைச் சிமெண்ட் நம்ம கடைக்கு வரும்வரை என்ன செய்வது?

கடையில் இருப்பதையே கேட்டு வாங்கலாம். மூட்டையில் பிபிசி என்று போட்ட சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் நிலக்கரிச் சாம்பல். பிஎஸ்சி என்று போட்டதில் 25 முதல் 70 சதவீதம் இரும்பாலைக் கசடு. அந்த அளவுக்குக் கிளிங்கர் மிச்சம், கார்பனும் மிச்சம். நமக்கு இன்னொரு லாபம்: குளோரைடு உள்ளே இறங்குவது மெதுவாகும். கொத்தனார், சாம்பலும் கசடும் கலக்காத சிமெண்டைக் காட்டி, "53 கிரேடுதான் சீக்கிரம் பிடிக்கும்" என்பார். பிடிக்கும்தான், அவர் சென்ட்ரிங் பலகையை அடுத்த வேலைக்குக் கொண்டுபோக வேண்டுமே! நீங்கள் பத்து நாளாவது விடாமல் தண்ணீர் கட்டுங்கள். நம்ம வெயிலில் அதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

ராமேஸ்வரம்: தனுஷ்கோடி சர்ச் 1964 புயலுக்குப் பிறகும் சுவராக நிற்கிறதே. சிமெண்டே இல்லாமல் பவளக்கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டலாமே?

அந்தச் சுவரில் துருப்பிடிக்கக் கம்பி இல்லை, அது ஒரு காரணம். ஆனால் சுண்ணாம்பு சுடும்போதும் அதே வாயு வரும். இறுகும்போது காற்றிலிருந்து கொஞ்சம் திரும்பி வாங்கிக்கொள்ளும். பவளக்கல் எடுப்பதோ குற்றம். மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டி வெட்டித்தான் பூவரசன்பட்டித் தீவு கடலுக்குள் போனது. அந்த ஆசை வேண்டாம்.

ஏர்வாடி: எங்கள் போர் தண்ணீர் லேசாக உப்பு. கலவைக்கு ஆகுமா?

நாக்கை நம்பாதீர்கள். ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுங்கள். கம்பிக் கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் வரம்பு. தாண்டினால் லாரித் தண்ணீர் வாங்குங்கள். அதையும் சோதிக்கக் கொடுங்கள்.