வில்லை மெலிந்தால் விளிம்பில் நிறம் ஏன்?

கேள்வி: நான் கொடைக்கானலில் ஆசிரியையாக இருக்கிறேன். சிறு வயது முதலே கிட்டப்பார்வை. இப்போது இரு கண்களுக்கும் மைனஸ் 8 பவர். இருபது ஆண்டுகளாகத் தடித்த சாதாரண பிளாஸ்டிக் வில்லையையே அணிந்து வந்தேன். சென்ற மாதம் ஒரு கடையில், மெல்லியதாக இருக்கும் என்று சொல்லி 1.67 என்னும் வில்லையைப் போட்டுக் கொடுத்தார்கள். நேராகப் பார்த்தால் தெளிவாக இருக்கிறது. ஆனால் தலையைத் திருப்பாமல் ஓரமாகப் பார்க்கும்போது சன்னல் கம்பிகளின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் ஆரஞ்சும் படிந்தாற்போலத் தெரிகின்றன. மூடுபனியின் வெண்மைக்கு முன்னால் நிற்கும் தைல மரங்களைப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரிகிறது. கடையில் கேட்டதற்குப் போகப் போகப் பழகிவிடும் என்கிறார்கள். குறை என் கண்ணிலா, வில்லையிலா?

பதில்: நேராகப் பார்க்கும்போது இல்லாமல் ஓரத்தில் மட்டும் நிறம் தெரிகிறது என்று தாங்கள் குறிப்பிட்டிருப்பதே விடையைத் தந்துவிடுகிறது. இது வில்லை செய்யப்பட்ட பொருளின் இயல்பு. தங்கள் கண்ணின் குறையன்று.

ஒளி ஊடுருவும் எந்தப் பொருளும் நீல ஒளியைச் சிவப்பைவிடச் சற்று அதிகமாக வளைக்கும். அந்த வேறுபாடு எவ்வளவு என்பதைச் சொல்லும் அளவுக்கு, ஜெர்மனியின் யேனா நகரில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் அபே என்னும் இயற்பியலாளரின் பெயரால் அபே எண் என்று பெயர். எண் பெரிதாக இருந்தால் நிறங்கள் குறைவாகப் பிரியும். சிறிதாக இருந்தால் அதிகமாகப் பிரியும். இதைக் கணக்கிட மூன்று ஒளிகளை எடுத்துக்கொள்கிறார்கள்: ஹீலியத்தின் மஞ்சள் (587.6 நானோமீட்டர்), ஹைட்ரஜனின் நீலம் (486.1), ஹைட்ரஜனின் சிவப்பு (656.3). கடைசியாகச் சொன்ன சிவப்பைத் தங்கள் ஊர்க்காரர்கள் அறிந்திருக்க வாய்ப்புண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் பல பத்தாண்டுகளாகச் சூரியனைப் படமெடுத்து வருவது எச்-ஆல்பா எனப்படும் அதே ஒளியில்தான். அங்கே 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து ஆராய்ந்தே, கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டறிந்தார். வானியலாருக்கு நிறங்கள் எவ்வளவு பிரிகின்றனவோ அவ்வளவு நல்லது. கண்ணுக்கு முன்னால் வைக்கும் வில்லையிலோ அவை பிரியாமலிருப்பதே நல்லது.

இனி எண்களைப் பார்ப்போம். 1.67 என்பது ஒளிவிலகல் எண்; பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டுவது, அது கூடினால் வில்லை மெல்லியதாகும். பழைய கிரவுன் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.523, அபே எண் ஏறத்தாழ 59. தாங்கள் இதுவரை அணிந்தது பெரும்பாலும் சி.ஆர்.39 என்னும் பிளாஸ்டிக்காக இருக்கும். அதற்கு இவை 1.498, 58. இப்போது அணிந்திருக்கும் 1.67-க்கு அபே எண் 32-ஐ ஒட்டியது. இடையில் உள்ள 1.60 வகைகளில் பரவலாகக் கிடைப்பதற்கு 41. ஒளிவிலகல் எண் கூடினால் அபே எண் குறையும் என்பது பொதுவாக உண்மையே ஆயினும் கண்டிப்பான விதியன்று. பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் 1.586 மட்டுமே, அபே எண்ணோ 30-தான்.

வில்லையின் மையத்தில் ஒளி வளையாமல் செல்வதால் அங்கே நிறம் பிரிவதில்லை. மையத்திலிருந்து விலக விலக வில்லை, ஒளியை வளைத்து நிறம் பிரிக்கும் பட்டகம் (பிரிசம்) போலச் செயல்படத் தொடங்கும். விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் பட்டகத்தின் அளவும், அதை அபே எண்ணால் வகுத்தால் நிறப்பிரிகையின் அளவும் கிடைக்கும். தாங்கள் மையத்திலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளிப் பார்த்தால் பட்டகத்தின் அளவு 8. பழைய வில்லையில் நிறப்பிரிகை 0.14, புதியதில் 0.25, 1.60-ஐப் போட்டிருந்தால் 0.20. ஏறத்தாழ 0.1-ஐத் தாண்டினாலே கூர்ந்து பார்ப்பவர் உணரத் தொடங்கலாம் என்பது இத்துறையினர் கொள்ளும் கணக்கு. ஆகவே பழைய வில்லையிலும் நிறம் சிறிது இருந்திருக்கும். தங்கள் மூளை அதைப் பொருட்படுத்தாமல் விடப் பழகிவிட்டது. கடைக்காரர் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. எனினும், வாங்குவதற்கு முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வில்லையின் தடிமனைப் பேசுகிறவர்கள் அபே எண்ணையும் பேச வேண்டும். ரசீதிலும் எழுதித்தர வேண்டும்.

மெல்லிய வில்லைக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதுதான் ஃபிரேமைச் சிறிதாக்குவது. கிட்டப்பார்வை வில்லையின் ஓரத் தடிமன், அதன் அகலத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 50 மில்லிமீட்டர் அகலமுள்ள வில்லைக்கு, மைனஸ் 8 பவரில், நடுத் தடிமனுக்கு மேல் ஓரத்தில் கூடும் தடிமன் சி.ஆர்.39-இல் தோராயமாக 5 மில்லிமீட்டர், 1.60-இல் 4.2, 1.67-இல் 3.7, மிக விலையுயர்ந்த 1.74-இல் 3.4. அதே 1.60-ஐ 44 மில்லிமீட்டர் ஃபிரேமில் பொருத்தினால் 3.2 மட்டுமே. ஆறு மில்லிமீட்டர் சிறிய ஃபிரேம், மிக விலையுயர்ந்த பொருளைவிட மெல்லிய ஓரத்தைத் தந்துவிடுகிறது. பார்வை மையத்திலிருந்து விலகக்கூடிய தூரமும் குறைவதால் நிறமும் அடங்கும். தங்களுக்கு என் பரிந்துரை, சிறிய, ஏறக்குறைய வட்டமான ஃபிரேமில் 1.60. இப்போதுள்ளதையே வைத்துக்கொள்வதானால், வில்லைகளின் மையங்கள் தங்கள் கருவிழிகளுக்கு நேராக அமைந்துள்ளனவா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தவறினாலும் இந்தப் பவரில் தொல்லை தரும்.

எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சும் தேவை. பூச்சில்லாத சி.ஆர்.39 ஒவ்வொரு பரப்பிலும் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, 1.67 ஆறு விழுக்காட்டுக்கும் மேல்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நேராகப் பார்க்கும்போதே விளக்குகளைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தாலோ, மின்னல் போன்ற கீற்றுகளோ திடீரெனக் கரும்புள்ளிகளோ தோன்றினாலோ, அதற்கு வில்லையைக் காரணமாக்காமல் உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். வெயிலில் தானே கறுக்கும் வில்லை வாங்கினேன். மேகம் மூடிய நாளிலும் கறுக்கிறது. வீட்டுக்குள் வந்தபின் தெளியவும் நெடுநேரம் ஆகிறது. வத்தலக்குண்டுக்கு இறங்கினால் இவ்வளவு இல்லை. வில்லை பழுதா?

பதில்: பழுதில்லை, மலையில் அது அப்படித்தான் நடக்கும். அந்த வில்லையிலுள்ள மூலக்கூறுகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் பட்டு உருமாறிக் கறுக்கின்றன. வெப்பம் அவற்றைப் பழைய வடிவுக்குத் திருப்புகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டே இருப்பதால், குளிரில் திரும்புதல் மந்தமாகி, கறுமை கூடுதலாகவும் நீண்டும் நிற்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய மேகம் அக்கதிரில் பெரும்பகுதியைத் தடுப்பதில்லை. சமவெளியின் வெப்பத்திலோ அதே வில்லை அரைகுறையாகவே கறுக்கும்.

வண்டியின் முன்கண்ணாடி புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், ஓட்டும்போது இந்த வில்லை எதிர்வெயிலுக்குப் பெரிதாக உதவாது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, தோட்டத்திலிருந்து நேரே வந்து அந்திப் பொழுதில் வண்டி எடுப்பது. கறுமை தெளியும் வரை சாதாரணக் கண்ணாடியை அணிந்துகொள்ளுங்கள்; மூடுபனி இறங்கிய கொண்டை ஊசி வளைவில் கண்ணுக்கு ஒவ்வொரு துளி ஒளியும் தேவை.

கேள்வி: என் ஒன்பது வயதுப் பேரனுக்கு மைனஸ் 1.5. கீறல் விழாது என்பதால் உண்மையான கண்ணாடி வில்லையே நல்லது என்று நினைக்கிறேன். சரிதானா? (பண்ணைக்காடு)

பதில்: கீறல் குறைவு என்பது உண்மை, ஐயா. ஆனால் விளையாடும் குழந்தைக்குக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். பந்து பட்டால் உடைந்து சில்லாகும், எடையும் பிளாஸ்டிக்கைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. பாலிகார்பனேட், அல்லது 2001-இல் வந்த டிரைவெக்ஸ் என்னும் பிளாஸ்டிக், இரண்டும் அடியைத் தாங்குபவை. டிரைவெக்ஸின் அபே எண்ணும் 44-ஐ ஒட்டி இருப்பதால் அதுவே சிறந்தது. விலை கூடுதலாகத் தோன்றினால் பாலிகார்பனேட் போதும். இந்தச் சிறிய பவரில் அதன் நிறப்பிரிகை 1 சென்டிமீட்டர் விலகலிலும் 0.05-தான், பேரனுக்குத் தெரியவே தெரியாது. கீறல் தாங்கும் பூச்சு அதன்மேல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சட்டை நுனியால் உலரத் துடைக்காமல், முதலில் தண்ணீரில் அலசி மண்துகள் போனபின் துடைக்கப் பழக்குங்கள். நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன் திரவம் மட்டும் அதன்மேல் படக்கூடாது. பாலிகார்பனேட் வெளுத்து வெடிப்பு விட்டுவிடும்.