கை வெடிப்புக்குக் களிம்பு மட்டும் போதாது

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் 20 வருடமாக வேலை. இரண்டு கையிலும் தோல் தடித்து வெடித்து, ராத்திரி முழுக்க அரிப்பு. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பு போட்டால் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது. மூன்று மாதமாக இருமல் வேறு. வண்ணப்பொடி ஒத்துக்கொள்ளவில்லையா டாக்டர்? (வாசகி, காரைக்குடி)

பதில்: பொடியைவிட எனக்குச் சந்தேகம் சிமெண்ட் மேல்தான் அம்மா. கண்ணாடி மேல் அச்சு வைத்துச் சாயத்தை ஊற்றி, மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கடைசியில் ஈரக் கலவையைப் போட்டு வெறுங்கையாலேயே அழுத்தி மட்டம் பண்ணுகிறார்கள் இல்லையா, அந்த ஈரச் சிமெண்ட் கடுமையான காரம். தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையையே அரித்துவிடும். போதாததற்கு அதில் குரோமியம் என்கிற உலோகமும் கொஞ்சம் இருக்கிறது. அதற்கு ஒருதரம் அலர்ஜி வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது, அதனால்தான் ஆறிய கை கலவையைத் தொட்டதும் மறுபடி வெடிக்கிறது. ஐரோப்பாவில் 2005 முதல் சிமெண்டில் கரையும் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள்.

கடைக் களிம்பில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம், மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும், நிறுத்துங்கள். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருளைக் கொஞ்சமாக முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்தால் அலர்ஜியா இல்லையா என்று தெரிந்துவிடும். கைக்கு நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் கையுறை போடச் சொல்லுங்கள். தோல் கையுறை வேண்டவே வேண்டாம், ஆட்டுத்தோல், மாட்டுத்தோலைப் பதப்படுத்தவே பெரும்பாலும் குரோமியம்தான் போடுகிறார்கள்! துணிக் கையுறையும் ஈரத்தை உறிஞ்சிக் கையோடு ஒட்டவைக்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்.

சரி, பொடி. சிவப்பு பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, அதனால் பெரிய தொந்தரவு இல்லை. மஞ்சள் பொடி மூட்டையில் லெட் குரோமேட் (ஈயம் கலந்த சாயம்) என்று போட்டிருந்தால் மட்டும் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்த்தே ஆகவேண்டும்.

எனக்கு உண்மையில் பயம் அந்த இருமல்தான். மணல் சலிக்கும்போது பறக்கிற தூசியில் சிலிக்கா என்கிற கனிமம் உண்டு. கண்ணுக்கே தெரியாத அந்தத் துகள் நுரையீரலில் போய்த் தங்கி வருஷக்கணக்கில் தழும்பாக்கும், வேலையை விட்ட பிறகும் சிலருக்கு அது கூடிக்கொண்டே போகும், காசநோயும் சுலபமாகத் தொற்றும். அந்தத் தழும்பைக் கரைக்க மருந்து கிடையாது. எனவே இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். “இருமல்” என்று மட்டும் சொல்லாமல், 20 வருஷமாக மணலிலும் சிமெண்டிலும் வேலை என்று முதலிலேயே சொல்லுங்கள், அப்போதுதான் டாக்டர் அந்த எக்ஸ்ரேவை வேறு கண்ணோடு பார்ப்பார். பீடி பழக்கம் இருந்தால் இன்றோடு நிற்கட்டும். பட்டறையில் மணலைக் கொஞ்சம் நனைத்துவிட்டுச் சலிக்க முடியுமா என்று முதலாளியிடம் கேட்கச் சொல்லுங்கள், தூசி பாதிக்கு மேல் அடங்கும்.